பிளாஸ்மாவா, எல்சிடியா? சார்செல்லுக்குப் புதுசா வந்த கடலூர்த் தம்பிக்கு

தம்பி, உங்க கேள்வியைப் படிச்சேன். கடலூர் முதுநகர்லேருந்து பிரான்சுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகுது, பாரிஸ் புறநகர் சார்செல்ல இன்னும் ரெண்டு பேரோட ஒரே அறையில இருக்கீங்க. ஊர் திரும்பற ஒருத்தர் தன்னோட 42 இஞ்ச் பிளாஸ்மா டிவியை 70 யூரோவுக்குத் தர்றேங்கறார். கடையில புது எல்சிடி 200 யூரோ. எதுல படம் நல்லா இருக்கும்னு கேட்டிருக்கீங்க. கூடவே வீட்டு வாடகை உதவித்தொகை, குளிர் கோட்டு, பிரெஞ்சு வகுப்பு பத்தியும்.

உதவித்தொகைக்கும் கோட்டுக்கும் வழி சொல்ல அங்கேயே ஆள் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை பாரிஸ்ல நம்ம தமிழ்க் கடைங்க இருக்கற லா ஷப்பேல் பக்கம் போய் ஒரு டீ குடிச்சா போதும், எல்லாம் தெரிஞ்சிடும். டிவி விஷயத்தை நான் சொல்றேன். லீவுக்கு வந்து புதுச்சேரி முத்தியால்பேட்டையில அம்மா வீட்டுக் கூடத்துல உக்காந்துதான் இதை எழுதறேன். எதிர் சுவத்துல மாட்டியிருக்கறது 2010ல நான் கப்பல்ல அனுப்பின பிளாஸ்மா.

படம் ஒண்ணை மட்டும் பார்த்தா பிளாஸ்மாதான் ஒசத்தி. எல்சிடியில பின்னால ஒரு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். முன்னால இருக்கற திரவப் படிகம் ஜன்னல் கதவு மாதிரி திறந்து மூடும். எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்குல வெளிச்சம் கசியும். அதனால கறுப்பு, சாம்பல் பூத்த மாதிரி தெரியும். எல்இடி டிவின்னு கடையில சொல்றாங்களே, அதுவும் எல்சிடிதான், பின்விளக்கு மட்டும் மாறியிருக்கு. பிளாஸ்மாவுல பின்விளக்கே கிடையாது. நியானும் செனானும் அடைச்ச பொடிப் பொடி அறைகள். மின்சாரம் பாய்ஞ்சா புற ஊதா ஒளி வரும், அது பாஸ்பர் பூச்சுல பட்டு நிறமாகும். இருட்டா இருக்க வேண்டிய இடத்துல அந்த அறை கிட்டத்தட்ட அணைஞ்சே போயிடும். பயனியர்காரங்க தங்களோட பிளாஸ்மாவுக்கு ‘குரோ’ன்னே பேர் வச்சாங்க. ஜப்பான்காரங்க பாஷையில கறுப்புன்னு அர்த்தம்.

நேத்து ராத்திரி அம்மா தூங்கினப்புறம் கூடத்து லைட்டை அணைச்சிட்டு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். கதாநாயகி இருட்டுல நிக்கறா. கூந்தல் எங்க முடியுது, பின்னால சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிச்சுச் சொல்ல முடிஞ்சுது. கடலூர் மஞ்சக்குப்பத்துல தங்கச்சி வீட்டு எல்சிடியில அதே படத்துல கூந்தலும் சுவரும் ஒரே சாம்பல் திட்டு. அங்க இன்னொண்ணும் கவனிச்சேன். மச்சான் எதிர்ல சோபாவுல உக்காந்தா அவருக்கு நிறம் சரியா இருக்கு. பிள்ளைங்க பக்கவாட்டுல தரையில படுத்துக்கிட்டுப் பார்க்குதுங்க, அதுங்களுக்கு முகமெல்லாம் வெளுத்துப் போகுது. நம்ம வீடுகள்ல யார் நேரா உக்காந்து டிவி பார்க்கறாங்க? பிளாஸ்மாவுக்கு அந்தக் கோணப் பிரச்சினை இல்லை. செய்தியில கீழ ஓடற எழுத்தும் இதுல இழுபடாம நிக்கும்.

ஆனா பகல்ல கதை வேற. காலையில பத்து மணிக்கு அம்மா சீரியல் போட்டா, ஜன்னல் கம்பியும் வெளியில இருக்கற முருங்கை மரமும் திரைக் கண்ணாடியில அப்படியே தெரியுது. அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திட்டு வர்றாங்க. எல்சிடி நல்ல வெளிச்சத்துலயும் தாக்குப்பிடிக்கும். கரண்டும் கம்மி. பழைய 42 இஞ்ச் பிளாஸ்மா 200 வாட்டுக்கு மேல இழுக்கும், இன்னிக்கு வர்ற அதே அளவு எல்சிடிக்கு அதுல பாதிகூட ஆகாது. மூணு பேர் பில்லைப் பிரிச்சுக் கட்டற அறையில இது சண்டையில போய் நிக்கும்.

அதனால அந்த 70 யூரோ பெட்டியை வாங்காதீங்க. பேனசோனிக் 2013 கடைசியோட பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்திடுச்சு, சாம்சங்கும் எல்ஜியும் 2014ல. பாகம் போச்சுன்னா இன்னொரு செத்த டிவியிலேருந்துதான் கழட்டணும். தானே புயலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், 2011 டிசம்பர் 30. எங்களுக்குப் பல நாள் கழிச்சு கரண்ட் வந்து, ஏறி இறங்கினதுல அம்மா வீட்டு பிளாஸ்மாவோட பவர் போர்டு எரிஞ்சுது. அப்பவே மெக்கானிக் அலைஞ்சு தேடித்தான் மாத்தினார். இன்னொரு முக்கியமான விஷயம்: பிரான்சுல 2016 ஏப்ரல் 5லேருந்து ஆன்டெனா ஒளிபரப்பு முழுக்க எம்பெக்-4ங்கற, படத்தைச் சுருக்கி அனுப்பற புது முறைக்கு மாறிடுச்சு. ரொம்பப் பழைய பெட்டியில தனி டிகோடர் இல்லாம பிரெஞ்சு சேனலே வராது.

சேனல் வராத டிவி உங்களுக்கு எதுக்குத் தம்பி? நான் 2005 அக்டோபர் கடைசியில வந்தேன். வந்த வாரமே புறநகரெல்லாம் கலவரம், ராத்திரி ஜன்னலைத் திறந்தா கார் எரியற நாத்தம். என்ன நடக்குதுன்னு ஒரு வார்த்தை புரியலை. அறையில தெருவுலேருந்து எடுத்து வந்த ஒரு பழைய குழல் டிவி இருந்துது. டெலிடெக்ஸ்ட்னு டிவியிலேயே எழுத்துப் பக்கங்கள் வர்ற வசதி இருந்துது, அதுல 888 அழுத்தினா, காது கேக்காதவங்களுக்காகப் போடற பிரெஞ்சு எழுத்து கீழ ஓடும். தினம் ராத்திரி எட்டு மணிச் செய்தியை நோட்டுல எழுதி எழுதிப் படிச்சேன். எட்டு மாசத்துல மேஸ்திரிகிட்ட பிரெஞ்சுல வாதாடினேன். வகுப்பு பத்திக் கேட்டீங்களே, இதுதான் என் பதில். இருபது வருஷமா அங்க இருந்தும், தமிழ் சேனலை மட்டும் ஓடவிட்டுட்டு, டாக்டர்கிட்ட போகப் பத்து வயசுப் பிள்ளையைத் துணைக்குக் கூட்டிப் போறவங்க நம்ம சனத்துல இருக்காங்க. பார்க்கவே எனக்கு வயிறு எரியும்.

என் முதல் வேலையே டிவி தூக்கறதுதான். ஒரு கடைக்கு வேன்ல ஏத்தி வீடு வீடா இறக்கணும். அப்போ 42 இஞ்ச் பிளாஸ்மா முப்பது கிலோவுக்குக் குறையாது, லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. பிளாஸ்மாவை நிமிர்த்தி வச்சுதான் கொண்டு போகணும், படுக்க வைக்கக் கூடாது. கூட வந்தவன் படுக்க வச்சுட்டான், கண்ணாடி விரிசல் விட்டுது. என் சம்பளத்துலயும் பிடிச்சாங்க. எதிர்த்துப் பேச எனக்கு அப்போ பாஷை இல்லை. அந்தக் கோபம் இன்னிக்கும் ஆறலை. 2006 ஜூலை 9, கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைக் கண்ணாடிக்கு வெளியில நின்னுக்கிட்டு பிளாஸ்மாவுலதான் பார்த்தேன். பிரான்ஸ் கேப்டன் ஸிதானுக்குச் சிவப்பு அட்டை காட்டினப்போ தெருவே அமைதியாயிடுச்சு. அந்தப் புல்லோட பச்சை இன்னும் கண்ணுல இருக்கு. என் ரெண்டு மாசச் சம்பளத்தைக் கொடுத்தாலும் அந்த டிவி கிடைக்காது.

கடனுக்கு மட்டும் போகாதீங்க. “வட்டி இல்லை, நாலு தவணை”ன்னு 65 இஞ்ச் வாங்கி, ஒரு தவணை தவறி, பேங்க் கடிதத்தைப் பிரிக்கவே பயந்து கிடக்கறவங்க வீட்டுக்கெல்லாம் நான் போயிருக்கேன். பிரெஞ்சு ராணுவத்துல இருந்த நம்ம புதுச்சேரி சொல்தாக் குடும்பங்கள்லயும் உண்டு. ஊருக்கு எடுத்துட்டு வரலாம்னும் கணக்குப் போடாதீங்க. 2013 ஆகஸ்ட்லயே இந்தியாவுல தட்டை டிவியைச் சுங்கத் தீர்வையில்லாச் சலுகையிலேருந்து எடுத்துட்டாங்க.

புது எல்சிடி 32 இஞ்ச் உங்க அறைக்குத் தாராளம். கடையில கண்ணைப் பறிக்கற மாதிரிதான் வச்சிருப்பாங்க, அதை நம்ப வேண்டாம். ரிமோட்டை வாங்கி ‘சினிமா’ மோடுக்கு மாத்தச் சொல்லுங்க, பக்கவாட்டுல நகர்ந்து குந்திப் பாருங்க. முகம் வெளுக்காததை எடுங்க. நான் அடுத்த மாசம் முதல் வாரம் திரும்பிடுவேன். அதுவரைக்கும் பொறுத்தா கடைக்கு நானே கூட வர்றேன்.