சத்தம் தாங்காத பிள்ளைக்குப் பிறந்தநாள்: கேள்வி பதில்

குழந்தைகளோடு வேலை பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான், அதாவது அன்றாடக் காரியங்களைச் செய்யப் பிள்ளைகளுக்கு உதவும் சிகிச்சையாளர். சத்தம், வெளிச்சம், தொடுதல், வாசனை என ஏதோ ஒன்றைத் தாங்க முடியாத பிள்ளைகளின் பிறந்தநாள் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மகனுக்கு 5 வயது ஆகப்போகிறது. போன வருடம் கேக் வெட்டும்போது காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான். பழக்கினால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். பழக்கலாமா?

அந்த மாதிரிப் பழக்க வேண்டாம். அவன் நின்ற இடத்தில் நின்று பாருங்கள், திடீரென்று விளக்கை அணைக்கிறார்கள், முகத்துக்கு நேரே தீ, சுற்றிலும் இருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கைதட்டிக் கத்திப் பாடுகிறார்கள், பலூன் எப்போது வெடிக்கும் என்றும் தெரியாது. அது அடம் இல்லை, அவனுக்கு நிஜமாகவே தாங்க முடியவில்லை. ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1972-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார், ஆக இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அத்தை, இந்தத் தடவை அவன் நம்மோடு உட்கார்ந்து கேக் சாப்பிடணும், அதுக்காகத்தான் சத்தத்தைக் குறைக்கிறோம்."

விளக்கை அணைக்காதீர்கள். வீட்டு ஆட்கள் மட்டும் மெதுவாகப் பாடுங்கள், கைதட்டாமல் கையை ஆட்டுங்கள். பலூனே வேண்டாம், காகிதத் தோரணம் போதும். இரண்டு மூன்று நாள் முன்னாலிருந்தே ஒரு இட்லி மேல் மெழுகுவர்த்தி வைத்து ஊதி விளையாடுங்கள், ஊதினால் என்ன ஆகும், அப்புறம் என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். கேக் வெட்டும் நேரத்தில் அறையை விட்டுப் போகணும் என்றால் போகட்டும், பின்னாலேயே போய் இழுத்து வராதீர்கள்.

பட்டுப்பாவாடை போட்டாலே மகள் அழுது பிய்க்கிறாள். பாட்டி ஆசையாக எடுத்தது.

ஜரிகையின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும், இடுப்புப் பட்டியிலும் கழுத்திலும் அதுதான் உரசுகிறது. லேசான உரசல் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய தொந்தரவு, இறுக்கமான அழுத்தம் பெரும்பாலும் பிடிக்கும். உள்ளே பழைய பருத்திப் பனியனும் நீளமான லெக்கின்ஸும் போட்டு, லேபிளை வெட்டிவிட்டுப் பாருங்கள். அப்படியும் முடியவில்லையா, பாவாடையைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அவளுக்குப் பிடித்த கவுனையே போடுங்கள். போட்டோவுக்காக ஐந்து நிமிஷம் என்று கெஞ்சவும் வேண்டாம்.

நட்சத்திரப் பிறந்தநாளுக்குக் கோயிலில் அர்ச்சனை செய்வோம். இவனோ வாசலிலேயே அலறுகிறான்.

பல கோயில்களில் தீபாராதனைக்கு மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் ஒன்றாக அடிக்கும், பெரியவர்களுக்கே காது அடைக்கும். பூஜை எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு, அது முடிந்து கொஞ்சம் கழித்துப் போங்கள். வெள்ளி மாலை, பிரதோஷம் வேண்டவே வேண்டாம். காதை மூடும் இயர் மஃப் கிடைக்கிறது, அதை வீட்டில் விளையாட்டாகப் போட்டுப் பழக்கிவிட்டு எடுத்துப் போங்கள். அப்பா உள்ளே போய் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துவரட்டும், பிள்ளை வெளிப் பிராகாரத்தில் ஓடட்டும், அதுவும் கோயில்தானே.

வருகிறவர்கள் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், முத்தம் கொடுக்கிறார்கள், கேக்கை முகத்தில் பூசுகிறார்கள்.

கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள், "தூக்காதீங்க, தொடாதீங்க, அவளா வந்தா கை கொடுங்க" என்று. யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கேக் பூசுவது எந்தப் பிள்ளைக்குமே வேண்டாம். ஸ்னோ ஸ்ப்ரேயையும் அனுமதிக்காதீர்கள், அதில் இருக்கும் வாயு எளிதில் தீப்பற்றும், எரிகிற மெழுகுவர்த்தி பக்கத்தில் அடிப்பது ஆபத்து.

எங்கள் மகன் நேர் எதிர். கூட்டம் பார்த்தால் குதித்துக் குதித்து, கடைசியில் எல்லாரையும் தள்ளிவிடுகிறான்.

இவன் உடம்பு அசைவையும் அழுத்தத்தையும் தேடுகிறது. விருந்தாளி வரும் முன்பே நன்றாக வேலை கொடுங்கள்: தண்ணீர்க் குடம் தள்ளுவது, நாற்காலி இழுத்துப் போடுவது, மெத்தையில் குதிப்பது. ஒரு அறையில் சேலைத் தூளி கட்டிவையுங்கள், உடம்பைச் சுற்றி இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டினால் நிறையப் பிள்ளைகள் அடங்குவார்கள். சுற்றிவிடாதீர்கள், அது இன்னும் உசுப்பிவிடும். தூளியில் இருக்கும்போது ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்கணும். கொண்டாட்டத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

கேக்கைத் தொடக்கூட மாட்டாள். தயிர்சாதம் மட்டும்தான்.

தயிர்சாதத்தின் மேல் மெழுகுவர்த்தி வையுங்கள்.

இப்படி இருந்தால் ஆட்டிசமா? எங்கே காட்டுவது?

இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மனநல, வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற, 2013-ல் வந்த அமெரிக்கக் கையேடு புலன் கூச்சத்தை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது உண்மை, ஆனால் ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கும் இது உண்டு. பேச்சு, விளையாட்டு, பெயர் சொன்னால் திரும்புவது இவற்றிலும் சந்தேகம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைச் சீக்கிரமே பார்த்து உதவும் இடம்) எங்கே என்று கேளுங்கள், கட்டணம் இல்லை. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் என்.ஐ.இ.பி.எம்.டி. நிறுவனம் இருக்கிறது.

நண்பரின் பிள்ளை இப்படித்தான். என்ன பரிசு வாங்கலாம்?

அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். பாட்டுப் பாடி லைட் எரியும் பொம்மையைத் தவிர்த்துவிடுங்கள். மொடமொடக்கும் ஜிகினாத் தாளில் சுற்றாமல் துணிப்பையில் போட்டுக் கொடுங்கள், அங்கேயே பிரிக்கச் சொல்லாதீர்கள். எல்லாரும் போன பிறகு, இல்லை மறுநாள், அவன் பிரித்துக்கொள்வான்.