அப்பாவின் கட்டிலோரம் தொங்கிய மூன்று லீட்டர் பை

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பன்னிரண்டு நாளைக்கு முன் கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் புரொஸ்டேட்டுக்கு (சலப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) டி.யூ.ஆர்.பி., அதாவது சலவழியால் கருவியை விட்டுச் சுரண்டி எடுக்கும் சத்திரசிகிச்சை செய்தார்கள். வெளியே வெட்டுக்காயம் எதுவும் இல்லை. ஆனால் மூன்று வாய் உள்ள தடித்த டியூப் ஒன்றைப் போட்டு, பெரிய பெரிய சேலைன் பைகளை இரவு பகலாக ஓடவிட்டார்கள். வெளியே வந்ததெல்லாம் கடுஞ்சிவப்பு. இவ்வளவு சேலைனை வயதான உடம்பு தாங்குமா என்று பயந்து, முதல் நாள் இரவு நானே சேலைன் குழாயில் இருந்த சக்கரத்தை உருட்டி வேகத்தைக் குறைத்துவிட்டேன். விடியப்புறம் அப்பா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார். தாதி ஓடி வந்து பெரிய சிரிஞ்சால் கழுவி, கட்டி கட்டியாக இரத்தத்தை இழுத்தெடுத்த பிறகுதான் அடங்கியது. என்னால்தான் அப்படி ஆனதா? மூன்றாம் நாள் டியூப்பை எடுத்தார்கள், அடுத்த நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நேற்று மலசலகூடத்தில் முக்கியதற்குப் பிறகு மறுபடியும் சலம் சிவப்பாகப் போகிறது. என்ன செய்வது?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொன்னதை முதலில் இங்கும் எழுதிவிடுகிறேன். இதே பயத்தோடு வேறு வீடுகளிலும் ஆட்கள் இருப்பார்கள்.

பன்னிரண்டாம் நாள் சிவப்பு நாங்கள் எதிர்பார்ப்பதுதான். வெளியே தையல் இல்லாவிட்டாலும், உள்ளே புரொஸ்டேட்டைச் சுரண்டி எடுத்த இடம் ஒரு பச்சைப் புண். அதன்மேல் பொருக்குக் கட்டி, பத்து முதல் பதினான்கு நாளுக்குள் உதிரும். உதிரும்போது கொஞ்சம் இரத்தம் காட்டும். முக்கினால் இன்னும் கொஞ்சம். அப்பாவைப் படுக்கவைத்து, வழமையைவிடக் கூடத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். ஒரு நாளுக்குள் நிறம் வெளுத்துக்கொண்டு வந்தால் போதும். ஆனால் கட்டிகள் விழுந்தாலோ, சலம் தக்காளிச் சாறு போலத் தடித்து வந்தாலோ, முட்டுகிறது ஆனால் போகவில்லை என்றாலோ, குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தாலோ, தலைசுற்றினாலோ, கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம். நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சரி, இனி அந்தச் சக்கரத்துக்கு வருவோம்.

நீங்கள் ஏன் குறைத்தீர்கள் என்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. கையில் ஏற்றும் சேலைனைக் கண்டு பழகிய கண் உங்களுடையது. இருதயம் பலவீனமான வயதானவருக்கு நரம்பு வழியாகச் சேலைனைக் கூடுதலாக ஏற்றக்கூடாது என்று யாரோ சொல்லி நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் அப்பாவின் கட்டிலோரம் தொங்கியது அந்தச் சேலைன் அல்ல. பை ஒரே மாதிரி, சக்கரம் ஒரே மாதிரி, போகும் இடம் வேறு. இது இரத்தக்குழாய்க்குள் போவதற்காகப் போடுவதல்ல. சலப்பைக்குள் இறங்கி, அங்கே இருக்கும் இரத்தத்தை அலசிக்கொண்டு மறுபக்கத்தால் வெளியே வந்துவிடும். குழாயடியில் ஒரு செம்பைக் கழுவுவதுபோல. கழுவும் தண்ணீர் எத்தனை லீட்டர் ஓடினாலும் செம்பு குடிப்பதில்லை.

அந்த டியூப்பின் மூன்று வாயில் ஒன்று சேலைன் உள்ளே போக. ஒன்று எல்லாம் வெளியே வர. மூன்றாவது வாய் வழியாகச் சலப்பைக்குள் இருக்கும் சின்ன பலூனை ஊதுவார்கள். வெளியே நழுவாமல் பிடித்திருப்பது அந்தப் பலூன்தான். இந்த டியூப்பைக் கதீற்றர் என்போம். சாதாரணமாகச் சலம் போகாதவருக்குப் போடும் கதீற்றர் 14 அல்லது 16 அளவு. டி.யூ.ஆர்.பி.க்குப் பிறகு 20, 22, 24 போடுவோம். அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டரில் குழாயின் தடிப்பு கிடைக்கும். 22 என்றால் ஏறத்தாழ 7.3 மில்லிமீட்டர். ஷரியே என்ற பாரிஸ் கருவி செய்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட கணக்கு இது, இன்றைக்கும் அதே அளவைத்தான் வார்ட்டில் கேட்டு வாங்குகிறோம். ஏன் இவ்வளவு தடிப்பு என்று அப்பா திட்டியிருப்பார். மெல்லிய குழாயால் கட்டி வெளியே வராது, அவ்வளவுதான் காரணம்.

இரத்தம் ஒரு இடத்தில் தேங்கினால் உறையும். உறைந்த கட்டி குழாயின் வாயை அடைக்கும். அது நடக்காமல் ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் அந்தப் பைகளின் வேலை. எவ்வளவு வேகமாக ஓட்டுவது? வெளியே வரும் நிறத்தைப் பார்த்துத்தான். கடுஞ்சிவப்பாக வந்தால் கூட்டுவோம். இளம் ரோசாப்பூ நிறத்துக்கு வந்ததும் குறைப்போம். தெளிந்தபிறகு நிறுத்துவோம். முதல் இரவில் மூன்று லீட்டர் பைகள் ஐந்தாறு தீர்ந்தால் அதிசயமில்லை. நீங்கள் குறைத்த நேரம் வெளியே வந்தது கடுஞ்சிவப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது கூட்ட வேண்டிய நேரம்.

ஆகவே, உங்களால்தானா என்று நேராகக் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன்: நீங்கள் குறைத்தது நல்லது செய்திருக்காது. ஆனால் சக்கரத்தை யாரும் தொடாத கட்டிலிலும் குழாய் அடைக்கும். நான் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்த காலத்தில், இரவு இரண்டு மணிக்கு சிரிஞ்சும் கிண்ணமுமாக நின்று கட்டி இழுத்த நாட்கள் பல. அத்தனைக்கும் ஒரு மகளைத் தேடிக் குற்றம் சொல்ல முடியாது. பை தீர்ந்துபோய் மாற்றத் தாமதமானால் அடைக்கும். நோயாளி குழாயின்மேல் புரண்டு படுத்தால் அடைக்கும். கீழே சலம் சேரும் பை நிரம்பி வழிந்தாலும் அடைக்கும். அப்பாவுக்கு அடைப்பு எடுபட்டது, டியூப் மூன்றாம் நாளே வெளியே வந்தது. அந்த இரவை இனி நினைத்து வருந்தத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் இதே டியூப்போடு வார்ட்டில் வீட்டு ஆள் யாராவது படுத்திருக்கும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். கட்டிலோரம் நிற்பவர்கள் மேலே தொங்கும் பையையும் கீழே தெரியும் சிவப்பையுமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது வெளியே வரும் குழாய் ஓடுகிறதா என்பது. சிவப்பு பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு மில்லிலீட்டர் இரத்தம் கலந்தாலே நிறம் மாறிவிடும். பை நிறையச் சிவப்பு என்றால் பை நிறைய இரத்தம் இல்லை. ஓடாத குழாய்தான் எனக்குப் பயம். மணிக்கு ஒரு லீட்டர் வேகத்தில் உள்ளே போகிறது, வெளியே வாய் அடைத்துவிட்டது என்று வையுங்கள். மனிதனின் சலப்பை கொள்வது சுமார் 400, 500 மில்லிலீட்டர். அரை மணித்தியாலத்தில் அது முட்டிவிடும். உங்கள் அப்பா கத்தியது அந்த வேதனையில்தான்.

சக்கரத்தை வீட்டார் தொடலாம் என்று நான் சொல்லும் நேரம் ஒன்றே ஒன்று: வெளியே எதுவும் வரவில்லை, அடிவயிறு உப்பி நோகிறது, மேலே பை மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது உள்ளே போகும் குழாயின் சக்கரத்தை மூடிவிட்டுத் தாதியைக் கூப்பிடுங்கள். மற்ற நேரமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

கொழும்பு வார்ட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரவுக் கடமையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், நம் அம்மாமாருக்குச் சிங்களம் வராது. வாய் திறக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருப்பார்கள். இந்தச் சிங்கள வரி போதும்: "மிஸ், வத்துர எளியட்ட என்னே நே, பட ரிதெனவா." தண்ணீர் வெளியே வரவில்லை, வயிறு நோகிறது, அவ்வளவுதான் அர்த்தம். இதைத் துண்டில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள். உச்சரிப்பு பிழைத்தாலும் ஆள் ஓடி வருவார். பை முழுதாகத் தீரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், கால்வாசி மிச்சம் இருக்கும்போதே சொல்லிவிடுவதும் நல்லது.

வெளியே வந்ததை அளந்து அளந்து எழுதினார்களே, அது எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். மேலே இருந்து 3,000 மில்லிலீட்டர் போயிருக்கிறது, கீழே 3,550 வந்திருக்கிறது என்றால் அப்பாவின் சொந்தச் சலம் 550. சிறுநீரகம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவோம். போனதைவிட வந்தது குறைந்தால் மிச்சம் எங்கே என்று தேட வேண்டும். சலப்பைக்குள் தேங்கியிருக்கலாம், அபூர்வமாக வேறெங்காவது கசிந்திருக்கலாம். பையைத் தன்னிடம் கேட்காமல் காலி செய்துவிட்டீர்கள் என்று தாதி சத்தம் போட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் கோபத்துக்கு இதுதான் காரணம்; கணக்கு உடைந்துவிட்டது.

டியூப் இருக்கும்போதே "சலம் முட்டுகிறது, எழுப்பிவிடு" என்று அப்பா அடம்பிடித்தாராமே. பலூன் சலப்பையின் கழுத்தில் உட்கார்ந்திருப்பதால் அப்படித் தோன்றும். சலப்பை சுருங்கிச் சுருங்கி அதை வெளியே தள்ளப் பார்க்கும். சில நேரம் டியூப்புக்கு அருகால் சலம் கசியும். குழாய் ஓடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஓடினால் இது வெறும் இழுப்பு, அதற்கு மாத்திரை இருக்கிறது. முக்கினால் இழுப்பும் கூடும், இரத்தமும் கூடும். இரவில் தடுமாறும் வயதானவர்கள் டியூப்பைப் பிடுங்கப் பார்ப்பதும் உண்டு. பலூன் ஊதியபடி பிடுங்கினால் சலவழி கிழியும், ஆகவே பக்கத்தில் ஒருவர் விழித்திருப்பது வீண் வேலையல்ல.

தடுமாற்றம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல் நாளில் ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசினால், வாந்தி எடுத்தால், கண் மங்குகிறது என்றால், வயசுக் கோளாறு என்று விடாதீர்கள். சத்திரசிகிச்சை நடக்கும்போது பாவிக்கும் கழுவு நீர், வெட்டிய நாளங்கள் வழியாக உடம்புக்குள் சேர்ந்து இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடலாம். பழைய முறையில் உப்பில்லாத கிளைசின் கரைசல் பாவிக்கும்போதுதான் இது கூடுதலாக வரும். இப்போது பல இடங்களில் சேலைனோடு செய்யக்கூடிய கருவிகள் வந்துவிட்டதால் குறைந்திருக்கிறது. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வார்ட்டில் தொங்கும் பையில் பச்சைத் தண்ணீர் இல்லாமல் லீட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த சேலைன் இருப்பதற்கும் இதே பயம்தான் காரணம்.

இனி வீட்டு விஷயம். மலச்சிக்கல்தான் இப்போது அப்பாவின் எதிரி. பப்பாசி, கீரை, தேவையென்றால் மலமிளக்கி, எதுவானாலும் முக்காமல் போக வேண்டும். ஐந்தாறு கிழமைக்கு அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் தூக்கக்கூடாது. செவ்விளநீர் தாராளமாகக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒன்று, இரண்டு குடித்தால் குற்றமில்லை. அதில் பொட்டாசியம் கூட, ஆகவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரே போதும், நாளுக்கு இரண்டு லீட்டர் அளவில், பெரும்பகுதியைப் பொழுதுபடுவதற்கு முன். இருதயத்துக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கு வேறு. எரிவு இருக்கிறது என்று ஃபார்மசியில் நீங்களாகவே அன்ரிபயோட்டிக் வாங்காதீர்கள். இந்த எரிவு சில கிழமை இருக்கும். காய்ச்சல் வந்தால் அல்லது எரிவு நாளுக்கு நாள் கூடினால் சலத்தைப் பரிசோதிக்கலாம். அப்பா முன்பு குடித்த அஸ்பிரினை எப்போது மறுபடி தொடங்குவது என்பதைச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியரே சொல்ல வேண்டும். நீங்களும் முடிவெடுக்க வேண்டாம், நானும் இங்கிருந்து எடுக்க மாட்டேன். கிளினிக் கொப்பியோடு போகும்போது, சுரண்டி எடுத்த சதையின் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு அப்பா போகத் துடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸில் இவ்வளவு மணித்தியாலம் உட்கார்ந்து, சலத்தை அடக்கிக்கொண்டு? இந்த முறை வேண்டாம் என்பேன். திருவிழா 25 நாள். கடைசி நாட்களுக்குள் ஆறு கிழமை முடிந்துவிட்டால், சலமும் தெளிந்திருந்தால், மலசலகூடம் உள்ள ரயிலில் கூட்டிப்போங்கள்.

அப்புறம், இரத்தம் ஊறட்டும் என்று சித்தி தினமும் பீட்ரூட் சாறு கொடுப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். பீட்ரூட் குடித்தால் சிலருக்குச் சலமே சிவக்கும். சலத்தின் நிறத்தைப் பார்த்து நாங்கள் முடிவெடுக்கும் இந்த நாட்களில் அதை நிறுத்திவையுங்கள். நேற்றைய சிவப்பில் எவ்வளவு அப்பாவுடையது, எவ்வளவு சித்தியுடையது என்று நாளைக்குத் தெரிந்துவிடும்.