கார்பன் ஃபைபர் இன்ஜின் கவர்: கடலோரத்தில் இருப்பவர்கள் போடலாமா?

கேட்டவர் ஒரு சொகுசு ஜிடி கார் (கிராண்ட் டூரர், நெடுந்தூரப் பயணத்துக்கான கார்) வைத்திருக்கிறார். இன்ஜினுக்கு மேல் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றிவிட்டு கார்பன் ஃபைபர் கவர் மாட்ட ஆசைப்படுகிறார். வீடு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் என்பதால் உப்புக் காற்றில் கெட்டுப்போகுமோ என்று சந்தேகம்.

போடலாம். கார்பனை உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த கார்பன் எதைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதோ, அதை நம் ஊர்க் காற்று சும்மா விடாது. அதனால் வாங்கும் முன் கவரைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே தெரியும் பின்னலும் பளபளப்பும் யாரிடம் வாங்கினாலும் நன்றாகத்தான் இருக்கும்.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். வாப்பா காலத்தில் மர வள்ளம் பழுதுபார்த்த இடம் அது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்க ஃபைபர் படகு பெருகியபோது நாங்களும் மேட் (கண்ணாடி இழை விரிப்பு), ரெசின் (ஊற்றினால் இறுகும் பிசின்) என்று மாறிக்கொண்டோம். இடையில் ஏழு வருஷம் ஷார்ஜாவில் ஒரு கார் பட்டறையில் கார்பன் வேலை பார்த்தேன். இப்போது பத்து வேலை வந்தால் ஒன்பது படகு. பத்தாவது, கீழக்கரையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ யாராவது கொண்டுவரும் கார் சாமானாக இருக்கும்.

போன வருஷம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கிய நேரம். கீழக்கரைக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் தன்னுடைய 12 சிலிண்டர் ஜிடி காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வெளிநாட்டில் வியாபாரம் செய்பவர், வருஷத்தில் சில மாதம்தான் ஊரில் இருப்பார். மற்ற நாளெல்லாம் கார் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும். இணையத்தில் வாங்கிய கார்பன் கவரை மாட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. “கவரைக் கழற்ற முடியல தம்பி, போல்ட் அசைய மாட்டேங்குது” என்றார்.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். கவர் புதிதுபோலவே இருந்தது. ஆனால் நான்கு போல்ட்டையும் சுற்றி வெள்ளையாக, கோலப்பொடி கொட்டியதுபோல் ஒரு வளையம். விரலால் தொட்டால் மாவாக ஒட்டியது. போல்ட் துளைக்குள் அலுமினியப் புஷ் (போல்ட் நுழையும் சின்னக் குழாய்) வைத்து ஒட்டியிருந்தார்கள். அது ஊதிப் பொருமி போல்ட்டைக் கவ்விப் பிடித்திருந்தது. முதல் போல்ட்டை எடுக்கவே முக்கால் மணி நேரம் பிடித்தது. கூடவே வந்த புஷ் விரலிடுக்கில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கார்பனில் ஒரு குறை இல்லை. காக்கா அந்தத் தூளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டு வருஷத்துல இப்படியா?” என்று கேட்டார்.

ஆமாம், இரண்டு வருஷம் போதும். விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. படகின் அடியில் புரொப்பல்லர் பக்கம் துத்தநாகக் கட்டி பொருத்துகிறோமே, அதே கதை. உப்பு நீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உண்டாகிறது. அதில் ஒன்று கரையும், மற்றது தப்பிக்கும். புரொப்பல்லர் தப்பிக்கட்டும் என்று துத்தநாகத்தைக் கரையவிடுகிறோம். கார்பன் உலோகம் கிடையாது, ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். கரையாமல் தப்பிக்கும் வரிசையில் அது பிளாட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அலுமினியமோ துத்தநாகத்தை ஒட்டி, மறு கோடியில். இரண்டையும் நெருக்கிவைத்து உப்பு ஈரத்தைக் காட்டினால் அலுமினியம் கரைந்தே தீரும்.

மழை படாமல் ஷெட்டில் நிற்கும் காருக்கு ஈரம் எங்கிருந்து வந்தது? காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே நீரை இழுத்து நனைந்துகொள்ளும். அடுக்களையில் உப்பு ஜாடி கசிவது அதனால்தான். நம் கடற்கரையில் ராத்திரி அந்த அளவைத் தாண்டாத நாள் குறைவு. இன்ஜின் மேல் படிந்த உப்பு ஒவ்வொரு ராத்திரியும் நனைந்து, பகலில் காய்ந்து, மறுபடி நனையும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் தன் வாழ்நாள் முழுக்க இந்தக் காற்றோடுதான் போராடியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். மதுரையில் நிற்கும் காரில் இதே கவர் நெடுநாள் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கும்.

இதற்குத் தீர்வு ஒன்றும் ரகசியமில்லை. போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி கலவைப் பொருள், அதிலும் பெரும்பங்கு கார்பன். கார்பனைத் தொடும் பல இடங்களில் அங்கே அலுமினியத்தை விட்டுவிட்டு டைட்டானியம் போட்டார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். காக்காவின் கவரில் பழைய புஷ் நான்கையும் குடைந்தெடுத்தேன். துளையைச் சுற்றி அடிப்பக்கம் மெல்லிய கண்ணாடி இழைத் துணியை எபாக்சி ரெசினில் தோய்த்து இரண்டு அடுக்கு ஒட்டினேன். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது, அதனால் பேட்டரி உண்டாக வழியில்லை. நைலான் புஷ், ரப்பர் வாஷர், 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட். துளையைக் கொஞ்சம் தளர்வாகவே விட்டேன். ஒரு மீட்டர் அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், கார்பன் கவர் அதில் பத்தில் ஒரு பங்குதான் நீளும். இறுக்கிப் பூட்டினால் இன்ஜின் சூடேறும்போதெல்லாம் துளையோரம் இழுபடும், ஒருநாள் விரிசல் விடும். கம்பெனி கவர்கள் பலவும் உருண்டைத் தலை ஆணியில் ரப்பர் குமிழ் வழியாக அமுங்கி உட்காரும்படி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ரப்பர் குமிழைத் தூக்கிப்போட்டுவிட்டு நேராக போல்ட் போடும் கவர் என்றால் வாங்காதீர்கள்.

இங்கேயே ஒரு கவரைச் செய்து தரச் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். படகு கட்டும் கை எல்லாருக்கும் கார்பன் வேலை வந்துவிடாது. கண்ணாடி மேட்டில் ரெசின் இறங்கியதும் வெள்ளை மறைந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். எங்கே வெள்ளை மிச்சமிருக்கிறதோ அங்கே ரோலரை ஓட்டு, அவ்வளவுதான். சின்னப் பையனும் பார்த்துச் சொல்லிவிடுவான். கார்பன் காய்ந்திருந்தாலும் கருப்பு, நனைந்தாலும் கருப்பு. ஷார்ஜாவில் நான் போட்ட முதல் துண்டு பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஃபோர்மேன் ஒரு வார்த்தை பேசாமல் அதை நடுவில் அறுத்தார். வெட்டிய முகத்தில் நகத்தை வைத்து இழுத்தார். உள் அடுக்கிலிருந்து இழை இழையாக, ரெசினே படாமல், தலைமுடிபோல் வந்தது. அந்த இழை ஒவ்வொன்றும் 5 முதல் 7 மைக்ரான் தடிமன், ஒரு கற்றையில் 3000 இழை. ரெசின் அவ்வளவுக்குள்ளும் புக வேண்டும். அதனால்தான் பையில் மூடி வாக்குவம் இழுத்து ரெசினை உறிஞ்ச வைக்கிறார்கள், அல்லது முன்கூட்டியே ரெசின் ஏற்றிய துணியை ஆட்டோக்ளேவ் என்னும் மூடிய அழுத்தக் கலனில் அழுத்தமும் சூடும் கொடுத்து இறுக்குகிறார்கள். பிரஷ்ஷால் பூசிச் செய்த கவர் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். இன்ஜின் மேல் வேண்டாம்.

சூடு இன்னொரு பெரிய விஷயம். அறை வெப்பத்திலேயே இறுகவிட்ட சாதாரண எபாக்சி 60, 70 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். இறுகிய பிறகு அடுப்பில் வைத்துப் படிப்படியாகச் சூடேற்றினால்தான் அதற்கு மேல் தாங்கும். இப்போதைய ஜிடி கார்களில் வி8 இன்ஜின் (எட்டு சிலிண்டர் ‘வி’ வடிவில் இரண்டு வரிசையாக நிற்பது) நிறைய. மெர்சிடீஸ் ஏஎம்ஜி, பென்ட்லி இவற்றின் 4 லிட்டர் வி8-ல், புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் டர்போ இரண்டும் வெளியே தொங்காமல் ‘வி’யின் நடுப்பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கும். நேர் மேலே நம் கவர். ஓடும்போதுகூட பரவாயில்லை, காற்றுப் போக்குவரத்து இருக்கும். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை வெயிலில் ஓட்டிப்போய் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறீர்கள் பாருங்கள், அப்போதுதான் காற்று நின்று, தேங்கிய சூடெல்லாம் மேலே ஏறும். அந்தச் சில நிமிஷங்களில்தான் மலிவான கவர் வளையும், மேல் பூச்சு கொப்பளிக்கும். விற்பவரிடம் ‘எந்த ரெசின், எத்தனை டிகிரியில் சூடேற்றி இறுக்கியது’ என்று கேளுங்கள். எண்ணாகப் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

1992-ல் வந்த மெக்லாரன் எஃப்1 காரில் இன்ஜின் அறைக்குள் தங்கத் தகடு ஒட்டியிருந்தார்கள். ஆடம்பரத்துக்கு இல்லை. கார்பன் உடலைச் சூட்டிலிருந்து காக்க, வெப்பத்தைத் திருப்பியடிப்பதில் தங்கத்துக்கு நிகர் குறைவு. அதைப் பார்த்து நம் ஆட்கள் கவரின் அடியில் அலுமினியத் தாள் ஒட்டுகிறார்கள். அதைக் கார்பன்மேல் நேரடியாக ஒட்டினால் மறுபடி அதே உப்புக் கதைதான். நடுவில் கண்ணாடி இழை அடுக்கு இருந்தால் தாராளமாக ஒட்டலாம்.

எடை குறையுமே என்று நினைத்து வாங்காதீர்கள். 2200 கிலோ காரில் மிஞ்சிப்போனால் ஒரு கிலோ குறையும். சத்தத்தைப் பற்றி யோசியுங்கள். கம்பெனி கவரின் அடியில் தடித்த நுரைப் பஞ்சு இருக்கும். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் டிக் டிக் சத்தத்தை அதுதான் விழுங்குகிறது. ஜிடி காரை வாங்குவதே நெடுந்தூரம் அலுப்பில்லாமல் அமைதியாகப் போகத்தானே? கார்பன் கவர் மெல்லியது, விறைப்பானது, பஞ்சு இல்லாவிட்டால் சத்தம் கேபினுக்குள் வரும். பழைய கவரின் பஞ்சை அளவெடுத்து, வெப்பம் தாங்கும் புதுப் பஞ்சை அடியில் வைக்கச் சொல்லுங்கள். காக்காவுக்கு வைத்துக் கொடுத்தேன். மதுரை வரை போய்வந்துவிட்டு, வண்டி பழையபடி ஆகிவிட்டது என்று போன் செய்தார்.

போலியும் நிறைய வருகிறது. பிளாஸ்டிக் மேல் கார்பன் படம் ஏற்றியது, ஒரே ஓர் அடுக்குக் கார்பன் துணியைப் பிளாஸ்டிக்கில் போர்த்தியது. வளைவில் பாருங்கள். உண்மைத் துணி என்றால் பின்னல் வளைவோடு சாய்ந்து போகும், படம் என்றால் ரப்பர்போல் இழுபட்டிருக்கும். அடிப்பக்க ஓரத்தை லேசாகத் தேய்த்து மல்டிமீட்டர் வைத்தால் கார்பன் மின்சாரம் கடத்துவதும் தெரிந்துவிடும். தேய்க்கும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கும் ஆகாது, பக்கத்தில் இருக்கும் மின் சாதனத்துக்கும் ஆகாது. மேல் பூச்சில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் இருக்க வேண்டும், இல்லையென்றால் எபாக்சி மஞ்சளாகும். இன்ஜின் கவருக்கு வெயில் குறைவுதான், பானெட்டைத் திறந்துவைத்துக் காட்டும் பழக்கம் இருந்தால் மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் துடைப்பது. உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது, உப்பும் மணலும் பூச்சைக் கீறிவிடும். நம் பக்கத்து போர் தண்ணீரும் உவர் தண்ணீர்தான், அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதாக ஆகும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ அரைக் குடம் போதும். இன்ஜின் ஆறியபின் கவரைக் கழற்றி வெளியே வைத்துக் கழுவி, காயவைத்து மாட்டுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்தால் நல்லது. கழற்றும்போதே போல்ட் சுற்றி வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

நீங்கள் பார்த்துவைத்திருக்கும் கவரின் படத்தைக் கீழே போட்டால் பார்த்துச் சொல்கிறேன். அடிப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், போல்ட் துளைகள் நான்கும் தெரிய வேண்டும்.