வெளியுறவு அமைச்சகப் பயிற்சிக்கு இளங்கலை மாணவர் விண்ணப்பிக்க முடியுமா?

இளங்கலை இறுதியாண்டில் இருக்கும் தாங்கள், கைக்காசு செலவழிக்காமல் தூதரகப் பணியை அருகிருந்து பார்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் தில்லியில் நடத்தும் உள்ளகப் பயிற்சித் (இன்டர்ன்ஷிப்) திட்டம் அதற்கு ஓரளவு பொருந்தும்.

பட்டம் பெற்றவர்களுக்கே இது பொதுவாகத் திறந்திருந்தாலும், பாடத்திட்டத்திலேயே பயிற்சி கட்டாயமாக உள்ள இறுதியாண்டு இளங்கலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். எனவே தங்கள் பாடத்திட்டத்தில் அந்த விதி இருக்கிறதா என்பதை முதலில் கல்லூரி அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். வயது வரம்பு 25. பயிற்சிக் காலம் ஒன்று முதல் மூன்று மாதங்கள்.

மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகையும், தில்லிக்குச் சென்று திரும்பச் சாதாரண வகுப்பு விமானக் கட்டணமும் கிடைக்கும். தங்குமிடத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். தில்லியில் ஓர் அறை வாடகையும் சாப்பாடும் போனால் அந்தப் பத்தாயிரத்தில் மிஞ்சுவது சொற்பமே என்பதால், வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பயணச்சீட்டையும் போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள். அரசு அலுவலகத்தில் ரசீது இல்லாமல் பணம் நகராது.

பயிற்சிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் மாநிலவாரியான ஒதுக்கீடும், முன்னேற விழையும் மாவட்டத்தினருக்கு, அதாவது வளர்ச்சியில் பின்தங்கியவை என மத்திய அரசு பட்டியலிட்ட மாவட்டத்தினருக்கு, முன்னுரிமையும் உண்டு. தமிழ்நாட்டில் இராமநாதபுரமும் விருதுநகரும் அப்பட்டியலில் உள்ளன. இப்பயிற்சி இந்திய வெளியுறவுப் பணிக்குக் குறுக்குவழி அன்று. அதற்குக் குடிமைப் பணித் தேர்வை எழுதியே ஆக வேண்டும்.