எஞ்சின் வெப்பக் காட்டியை எப்போது நம்புவது?

கேள்வி: செஸ்னா 172 சிறு விமானம், லைகாமிங் ஓ-320 எஞ்சின். உயரம் ஏறும்போது 3-ஆம் சிலிண்டரின் தலை வெப்பம் 380 டிகிரி பாரன்ஹீட்டிலிருந்து சட்டென்று 470-க்குத் தாவி, அடுத்த நொடியே இறங்கிவிடுகிறது. கோளாறு எஞ்சினிலா, சென்சாரிலா?

பதில்: சென்சார் பக்கம்தான். சிலிண்டர் தலை கனமான அலுமினிய வார்ப்பு. ஒரு நொடியில் 90 டிகிரி ஏறி இறங்க அதனால் முடியாது. டெட்டொனேஷன் (எரிபொருள் கலவை சிலிண்டருக்குள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்தால்கூட வெப்பம் விடாமல் ஏறிக்கொண்டே போகுமே தவிர இப்படித் துள்ளாது. அப்படி ஏறுமுகமாகவே இருந்தால் உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்: மிக்ஸ்சரை ரிச் ஆக்கி (காற்றோடு கலக்கும் எரிபொருளைக் கூட்டி), பவரைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி, அருகிலுள்ள தளத்தில் இறங்குங்கள். இந்த எஞ்சினுக்கு உச்ச வரம்பு 500.

தரையில் கவுலிங்கை (எஞ்சின் மூடியை) கழற்றியதும் 3-ஆம் சிலிண்டரின் ப்ரோப் (வெப்பம் அளக்கும் சென்சார் முனை) இணைப்பை அதே பக்கத்தில் முன்னால் இருக்கும் 1-ஆம் சிலிண்டருடையதோடு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். தாவல் 1-க்குப் போனால் ப்ரோப் பழுது. 3-லேயே நின்றால் வயர் அல்லது காட்டி. எஞ்சினை நிறுத்தி, மாஸ்டர் சுவிட்சை மட்டும் போட்டு, ஒருவர் திரையைப் பார்க்க மற்றவர் வயரை அங்குலம் அங்குலமாக அசைத்தால் இடம் தெரிந்துவிடும். தளர்ந்த ரிங் டெர்மினல், பேஃபிள் (குளிர்காற்றைத் திருப்பும்) தகட்டில் உரசி உரிந்த உறை, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். வயரை ஸ்பார்க் பிளக் லீடோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. வேலை முடிந்ததும் உரிமம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி: ப்ரோப் வயர் எட்டாததால் சாதாரணச் செம்பு வயரால் நீட்டினோம். இப்போது எஞ்சின் முன்பைவிடக் குளிர்ச்சியாகக் காட்டுகிறது. நல்லதுதானே?

பதில்: இல்லை, ஆபத்து. இந்த ப்ரோப் ஒரு தெர்மோகப்பிள், அதாவது இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்த சென்சார். அது இரண்டு முனைகளின் வெப்ப வேறுபாட்டை மட்டுமே அளக்கிறது; காட்டி தன் இடத்து வெப்பத்தை அதோடு கூட்டிக்கொள்கிறது. செம்பு சேர்ந்த இடம் எஞ்சின் அறையில் 70 டிகிரி செல்சியஸ், பேனலில் 30 என்றால் 40 டிகிரி (72 பாரன்ஹீட்) குறைவாகக் காட்டும். அதே உலோகத்தாலான நீட்டிப்பு வயரைப் போடுங்கள்.

அப்படியே தெர்மோகப்பிளின் வகையையும் பாருங்கள்; வகைக்கு வகை கம்பி உலோகம் மாறும். சில காட்டிகளுக்கு ஜே வகை, சிலவற்றுக்குக் கே. ஜே காட்டியில் கே ப்ரோப்பை மாட்டினால் உண்மையான 200 டிகிரி செல்சியஸ் 158 போலத் தெரியும். அமெரிக்க வண்ண முறையில் சிவப்புதான் நெகட்டிவ். பலர் பாசிட்டிவ் என்று நினைத்து மாற்றிப் பூட்டி, எஞ்சின் சூடாக ஆக முள் கீழே போவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். உறை நிறம் மங்கியிருந்தால் காந்தம் வையுங்கள்: ஜே வகையில் பாசிட்டிவ் கம்பி ஒட்டும், கே வகையில் நெகட்டிவ். முடிவாக, ப்ரோப்பைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் நனைத்தால் கடல் மட்டத்தில் 212 பாரன்ஹீட் அளவில் காட்ட வேண்டும்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது லேண்டிங் விளக்கைப் போட்டால் ஆயில் வெப்பமும் தலை வெப்பமும் சேர்ந்து கூடுகின்றன. பழைய முள் காட்டிகள்.

பதில்: எர்த் கோளாறு. ஒற்றை வயர் சென்சார்கள் எஞ்சின் உடல் வழியாகவே சுற்றை முடிக்கின்றன. ஆல்டர்னேட்டரின் மின்னோட்டமும் அதே எர்த் பட்டை (எஞ்சினை விமான உடலோடு இணைக்கும் மின்பட்டை) வழியேதான் எஞ்சினுக்குத் திரும்புகிறது. பட்டை துருப்பிடித்தோ தளர்ந்தோ இருந்தால் அங்கே மின்னழுத்தம் விழுந்து, முள் ஏறுகிறது. இரு முனைகளையும் பளபளவென்று சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இழை அறுந்திருந்தால் பட்டையையே மாற்றுங்கள். தள்ளிப்போட வேண்டாம்: ஸ்டார்ட்டர் மின்னோட்டம் த்ராட்டில், மிக்ஸ்சர் கேபிள்கள் வழியே பாய்ந்து அவற்றைச் சுட்டுவிடும்.