மார்ச்சில் தனியாக மிட்வெஸ்ட்: தூத்துக்குடித் தங்கச்சிக்கு ஒரு பதில்

சிகாகோ வந்து எட்டு மாதம், லைசென்ஸ் எடுத்து நாலு மாதம், மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு நாள் லீவு. "தனியாகக் கார் எடுத்துக்கொண்டு மிட்வெஸ்ட் ஊர்களைச் சுற்றலாமா அக்கா? ஆபீஸில் எல்லாரும் ஃப்ளோரிடா போ, இந்தப் பக்கம் சோளக்காட்டை விட்டால் என்ன இருக்கு என்கிறார்கள். பனியில் ஓட்டவும் பயமாக இருக்கிறது" என்று கேட்டிருந்தாய்.

போய் வாம்மா. அமெரிக்காவின் நடு-வடக்கு மாநிலங்களான இந்த மிட்வெஸ்ட் பக்கம் நான் வந்து 22 வருஷம் ஆகிறது. மார்ச் மாதத்தில் தனியாக நாலு தடவை இப்படிச் சுற்றியிருக்கிறேன். எட்டு மாதமாக அப்பார்ட்மென்ட், ஆபீஸ், இந்தியக் கடை என்று மூன்று இடத்துக்குள்ளேயே இருந்திருப்பாய். அதற்கு வெளியே இருக்கிற ஊரைப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குச் சந்தோஷம்.

ஆனால் ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்வேன். ஒரு நாளைக்கு 200 மைலுக்கு மேல் ஓட்டாதே. மூன்று நாளைக்கு ஒரு நாள் சும்மா விட்டு வை. எந்த அறையையும் முந்தின நாள் வரைக்கும் ரத்து செய்யலாம் என்கிற விலையில்தான் எடு, பத்து டாலர் கூட ஆனாலும் சரி. இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். நான் வந்த மூன்றாவது குளிர்காலத்தில் அயோவாவின் டி மாயினிலிருந்து நெப்ராஸ்காவின் ஓமஹா போக வேண்டியிருந்தது. காலையிலேயே பனி எச்சரிக்கை வந்துவிட்டது. அங்கே எடுத்திருந்த அறைக்குப் பணம் திரும்ப வராது என்ற ஒரே காரணத்துக்காகக் கிளம்பினேன். ஒரு பாலத்தின் மேல் வண்டி வழுக்கி, ஒரு முழு வட்டம் சுற்றி, சாலைக்கு நடுவே உள்ள பள்ளத்தில் போய் நின்றது. எனக்கு அடி இல்லை. பின்னால் வந்த பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, போர்வை கொடுத்து, இழுவை வண்டி வரும்வரை இரண்டு மணி நேரம் தன் வண்டியில் ஹீட்டர் போட்டு என்னை உட்கார வைத்திருந்தார். அந்தப் பயணத்தை நான் அவசரமாகத் திட்டமிட்டிருந்தேன். நாள் கையில் இருந்திருந்தால் அன்றைக்கு அறையிலேயே படுத்திருப்பேன்.

ஏன் பாலம் என்று தெரிந்துகொள். தரையில் போடப்பட்ட சாலைக்கு அடியில் மண்ணின் சூடு கொஞ்சம் இருக்கும். பாலத்துக்கு மேலேயும் கீழேயும் காற்றுதான், அதனால் அது முதலில் உறையும். மார்ச்சில் பகலில் உருகி ஓடுகிற தண்ணீர் ராத்திரி கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். பிளாக் ஐஸ் என்பது அதுதான், ஈரச் சாலை மாதிரியே தெரியும். எனவே காலை பத்துக்கு மேல் கிளம்பு, இருட்டுவதற்குள் போய்ச் சேர். வழுக்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே. காலை எடுத்துவிட்டு, நீ போக வேண்டிய பக்கம் பார்த்து ஸ்டியரிங்கை மெல்லப் பிடி. உப்புத் தூவிக்கொண்டு போகும் ஸ்னோ பிளவ் வண்டியை முந்தாதே, அதன் பின்னால் இருக்கும் சாலைதான் நல்ல சாலை.

கிளம்பும் முன் சாலை நிலவரம் சொல்லும் அந்தந்த மாநிலத்தின் 511 தளத்தைப் பார். சாலையோரக் கேமராப் படங்களே அதில் இருக்கும். நெப்ராஸ்காவில் ஐ-80 ஹைவேக்கு ஏறுகிற இடங்களில் ரயில்வே கேட் மாதிரி கேட் வைத்திருக்கிறார்கள், புயல் வந்தால் ஹைவேயையே பூட்டிவிடுவார்கள். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதே. புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்த பிறகுதான் எஞ்சினை ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனை கிடையாது. டாங்க் எப்போதும் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. உப்புத் தண்ணீர் தெறித்துக் கண்ணாடி வெள்ளையாகிக்கொண்டே இருக்கும், ஆகவே உறையாத நீல வாஷர் ஃப்ளூயிட் ஒரு கேன் டிக்கியில் கிடக்கட்டும். மார்ச்சில் சாலைக் குழிகளும் அதிகம். ஓரப் பாதையில் போகும்போது அதையும் பார்த்து ஓட்டு.

இனி வழி. மில்வாக்கி, டபூக், குவாட் சிட்டீஸ், டி மாயின், ஓமஹா, கியர்னி, கேன்ஸஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ், பிறகு வீடு. மொத்தம் ஏறக்குறைய 1,700 மைல். கடைசி மூன்று ஓட்டம் நான் சொன்ன 200 மைலைத் தாண்டும், அவற்றை நடுவில் ஒரு சின்ன ஊரில் தங்கி இரண்டாக உடைத்துக்கொள். சும்மா விடும் நாளையும் சேர்த்தால் இத்தனையும் பன்னிரண்டு நாளில் அடங்காது. டபூக்கையும் இன்னும் ஓரிரு ஊரையும் விட்டுவிடு, கொக்குக் கூட்டம் இறங்கும் கியர்னியை விடாதே.

மில்வாக்கிக்கு 90 மைல்தான், முதல் நாளுக்குச் சரியான தூரம். ஏரிக்கரையில் இருக்கும் கலைக்கூடத்துக்கு ஸ்பெயின் கட்டடக் கலைஞர் சான்டியாகோ கலட்ராவா வடிவமைத்த கட்டடம் 2001-ல் வந்தது. அதன் உச்சியில் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரியும் அமைப்பு, 217 அடி அகலம். மத்தியானம் பன்னிரண்டுக்கு மடங்கி மறுபடி விரியும். காற்று பலமாக அடித்தால் மூடிக்கொள்ளும், அப்படி ஒரு தடவை நான் பார்க்காமலே திரும்பினேன். நீ போவது தவக்காலம், வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. தூத்துக்குடிப் பெண்ணுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை என்றால் ஊரே மீன் சாப்பிடும். சர்ச் ஹாலிலும் சின்ன மதுக்கடைகளிலும் பொரித்த மீன், உருளைக்கிழங்கு அடை, ரை ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட் என்று ஒரு தட்டு கிடைக்கும். தனியாகப் போனாலும் நீள மேஜையில் யாராவது பக்கத்தில் இடம் விடுவார்கள். முடிந்தால் உன் பயணத்தை வெள்ளிக்கிழமையில் தொடங்கு.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் வெள்ளைத்தலைக் கழுகுகளைப் பார்க்கலாம். ஆற்றின் இரு கரையிலும் சேர்ந்திருக்கும் ஊர்க்கூட்டமான குவாட் சிட்டீஸ் பக்கத்தில் உள்ள அணைக்கட்டுகளுக்குக் கீழே தண்ணீர் உறைவதில்லை, மீன் பிடிக்க அங்கே கூடும். மார்ச்சுக்குள் பெரும்பாலானவை வடக்கே போய்விடும். மீதி இருந்தால் உன் அதிர்ஷ்டம். ஆற்றிலோ ஏரியிலோ பனிக்கட்டி மேல் யாராவது மீன் பிடித்துக்கொண்டிருந்தாலும் நீ கால் வைக்காதே. மார்ச் பனிக்கட்டியை உள்ளூர்க்காரர்களே நம்புவதில்லை. டி மாயினுக்கு வடமேற்கே மேட்ரிட் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு இந்துக் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே பழைய ரயில் பாதையில் அரை மைல் நீளத்தில் ஒரு நடைபாலமும். இருட்டிய பிறகு நீல விளக்கு எரியும். ஓமஹாவில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து போ, போதும்.

கியர்னிக்கு வருகிறேன். மெக்சிகோ, டெக்ஸஸ் பக்கமிருந்து கனடா, அலாஸ்கா, சைபீரியா வரை போகிற சாண்ட்ஹில் கொக்குகள் 5 லட்சத்துக்கும் மேல், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை பிளாட் ஆற்றின் ஏறக்குறைய 80 மைல் நீளத்துக்குள் வந்து இறங்கும். பகலில் அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் சோளத்தைத் தின்று உடம்பு தேற்றிக்கொள்ளும். ராத்திரி ஆற்றின் நடுவே கணுக்கால் ஆழத் தண்ணீரில் நின்றபடி தூங்கும், நரி வந்தால் தண்ணீர்ச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காக. ஆபீஸ்காரர்கள் ஒன்றுமில்லை என்று சொன்ன அந்தச் சோளக்காடுதான் இத்தனை லட்சம் பறவைக்கும் சோறு.

விடியுமுன் போ. ஃபோர்ட் கியர்னி பூங்காவில் பழைய ரயில் பாலம் ஒன்று நடைபாலமாக இருக்கிறது. பூங்கா அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள். ரோ சரணாலயத்தில் ஒளிந்திருந்து பறவை பார்க்கும் மறைவிடங்களுக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், இன்றைக்கே பார். இருட்டில் முதலில் சத்தம்தான் வரும். நம் ஊர்க் கொக்கு மாதிரி இல்லை. தொண்டைக்குள் கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு, ஆயிரம் தொண்டையிலிருந்து ஒரே சமயத்தில். பிறகு ஆற்றின் நடுவே மணல்திட்டு என்று நீ நினைத்த சாம்பல் நிறம் அசையும். வெளிச்சம் வர வர அத்தனையும் எழும்பும். சின்ன வயதில் அப்பா என்னை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு பறவைகளுக்கு முன்னால் பேச்சு வராமல் நான் நின்றது அங்கேதான். கையுறையைக் கழற்றிப் படம் எடுக்கக்கூடத் தோன்றவில்லை. இரண்டு ராத்திரி தங்கு, ஒரு காலை மேகமாக இருந்தால் இன்னொரு காலை இருக்கும். பகலில் பார்க்கும்போது காருக்குள்ளேயே இரு. கார் நின்றால் பறக்காது, ஆள் இறங்கினால் பறந்துவிடும். வயலுக்குள் இறங்காதே, அது ஒருவருடைய நிலம்.

கேன்ஸஸ் சிட்டியில் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகம். நுழைவு இலவசம். வாரத்தில் சில நாள் மூடியிருக்கும், பார்த்துக்கொண்டு போ. வெளியே புல்வெளியில் வீடு உயரத்துக்கு இறகுப்பந்துச் சிற்பங்கள் கிடக்கும். உள்ளே இந்தியப் பிரிவில் காரைக்கால் அம்மையாரின் சோழர் காலச் செப்புத் திருமேனியைத் தேடிப் பார். சின்ன உருவம். எலும்பும் நரம்புமாக, வற்றிய மார்போடு, கையில் தாளத்தோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார். அழகை வேண்டாம் என்று உதறி, பேய் வடிவம் கேட்டு வாங்கி, தனியாளாகக் கயிலைக்குத் தலையால் நடந்து போனவர் என்று நாம் கதை கேட்டு வளர்ந்தவர்கள். வெளியே பனி உருகி ஒழுகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அந்தக் கூடத்தில் நானும் அவரும் மட்டும். பெண் தனியாக இவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும் என்று வீட்டில் கேட்டதெல்லாம் அந்த நேரம் எனக்கு ஞாபகம் வந்தது. அழுதுவிட்டேன். காவலாளி அம்மா வந்து ஒன்றும் கேட்காமல் கொஞ்ச தூரத்தில் நின்றார்.

செயின்ட் லூயிஸில் 630 அடி உயர கேட்வே வளைவை எல்லாரும் சொல்வார்கள், பார். அதைவிட மிசிசிப்பி ஆற்றுக்கு இலினாய் பக்கம் இருக்கும் கஹோக்கியா மண்மேடுகளுக்கு நேரம் ஒதுக்கு. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு நகரமே இருந்தது. இந்த மண்ணின் பூர்வகுடிகள் கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பிய மேடு 100 அடி உயரம் நிற்கிறது. யுனெஸ்கோ 1982-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. படியேறி மேலே நின்றால் வளைவு தூரத்தில் தெரியும்.

பெண் தனியாக என்று கேட்டாய். அறைக் கதவு நேரே பார்க்கிங்கைப் பார்க்கிற மோட்டல் வேண்டாம், உள்ளே நடைவழி இருக்கும் ஹோட்டலாக எடு. பெட்ரோலை வெளிச்சத்திலேயே போட்டுக்கொள். உன் இருப்பிடத்தை ஒரு தோழியோடு போனில் பகிர்ந்து வை. லைசென்ஸோடு, நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவும், விசா காகிதங்களும் கையில் இருக்கட்டும். போலீஸ் விளக்குப் போட்டால் வலது ஓரம் நிறுத்தி, கை ஸ்டியரிங் மேல் தெரிகிற மாதிரி வைத்து, உள்ளேயே இரு. சின்ன ஊர்க் கடைகளில் நுழைந்தால் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பார்கள். அது உனக்குக் கூச்சமாக இருக்கும், எனக்கு இன்றும் இருக்கிறது. அப்புறம் யாராவது ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், பேச்சு அங்கிருந்து போகும்.

சாப்பாட்டுக்குக் குட்டி ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எடுத்துக்கொள். அயோவாவில் கேசீஸ் பெட்ரோல் பங்கில் பீட்சா நன்றாக இருக்கும், சும்மா சொல்லவில்லை. புறப்படும் முன் ஒரு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து போ. மடக்கு ஷவல், கம்பளி, ஜம்பர் கேபிள் எல்லாம் கராஜில் ஒரே பெட்டியில் கிடக்கிறது. பைனாகுலரும் தருகிறேன், கியர்னிக்கு வேண்டும்.