கிம்ப் கேள்வி பதில்: மாறாத எழுத்துருவும் வரையாத தூரிகையும்

லினக்ஸில் கிம்ப் என்னும் படத் திருத்த மென்பொருளைப் பயன்படுத்துவோர் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். வழக்கமான வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: எந்தச் சோதனையில் இறங்குவதற்கு முன்பும் வேலையை, அடுக்குகளை (லேயர்) அப்படியே வைத்திருக்கும் கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, தூரிகையை எவ்வளவு இழுத்தாலும் படத்தில் ஒரு கோடுகூட விழவில்லை.

படத்தின் ஏதோ ஒரு மூலையில் பழைய தெரிவு (செலக்ஷன்) ஒன்று எஞ்சியிருக்கக்கூடும். இரண்டு மூன்று படப்புள்ளி அளவே இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு வெளியே கிம்ப் வரையாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தெரிவு நீங்கிவிடும்.

கேள்வி: அழிப்பான் பின்னணியை நீக்காமல் வெள்ளை பூசுகிறது.

ஜேபெக் படத்தில் ஒளிபுகும் தன்மையைக் குறிக்கும் ஆல்ஃபா தடம் இல்லாததால், அழிப்பான் பின்னணி நிறத்தைத்தான் பூச முடியும். லேயர் பட்டியில் டிரான்ஸ்பேரன்சி பகுதிக்குச் சென்று ஆல்ஃபா தடத்தைச் சேர்த்துவிட்டு, பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள்.

கேள்வி: திருமண அழைப்பிதழுக்காக நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்களை நிறுவினேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் எழுத்து ஒரே வடிவில்தான் தெரிகிறது. கிம்பில் கோளாறா?

கோளாறு கிம்பில் இல்லை. நீங்கள் நிறுவியவற்றில் பெரும்பாலானவை பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களாக இருக்க வேண்டும். அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று காண்பது, கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. நீங்களோ ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்கிறீர்கள். ஒருங்குறித் தமிழுக்குரிய இடங்கள் அந்த எழுத்துருவில் காலியாக இருப்பதால், ஒருங்குறித் தமிழ் உள்ள வேறொரு எழுத்துருவிலிருந்து வடிவங்களைக் கடன் வாங்கிக் காட்டுகிறது கணினி. நீங்கள் எதை மாற்றினாலும் கடன் கொடுப்பது அதே எழுத்துருதான்.

முனையத்தில் (டெர்மினல்) எஃப்சி-லிஸ்ட் ஆணையைத் தமிழ் மொழிக்குறியுடன் (fc-list :lang=ta) இயக்கினால், உண்மையில் தமிழ் அறிந்த எழுத்துருக்கள் மட்டும் பட்டியலாகும். நோட்டோ, லோஹித், மீரா இனிமை ஆகியவை கட்டணமின்றிக் கிடைப்பவை.

கேள்வி: அதே அன்பர்தான் ஐயா. ஒருங்குறி எழுத்துருக்களில் அழகில்லையே? பழையவற்றின் சுழிப்பு வருமா?

அழகைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பழைய எழுத்துருக்களில் சில அருமையானவை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவற்றில் தட்டச்சு செய்ததைத் தேட முடியாது. எழுத்துருவை மாற்றிய கணமே ஆங்கிலக் குப்பையாகிவிடும். 'கொ' என்ற எழுத்தையே பாருங்கள். பாமினியில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகளை நாமே வரிசையாக அடுக்க வேண்டும். ஒருங்குறியில் ககரத்தையும் ஒகரக் குறியையும் கொடுத்தால் போதும், கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் நிறுத்தும் வேலையை எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: நான் சிவகாசியில் அச்சுத்தொழிலில் இருக்கிறேன். எங்களிடம் வரும் வேலைகளில் பெரும்பகுதி இன்னும் பழைய எழுத்துருவில்தான் உள்ளது. எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்கிறீர்களா?

இல்லை. உங்கள் கேள்வி நியாயமானது. தலைப்பெழுத்து போன்ற ஒன்றிரண்டு சொற்களுக்குப் பழைய எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். ஆங்கில விசைப்பலகையிலேயே பாமினி விசை வரிசைப்படி தட்டச்சு செய்தால் கிம்ப் அதைச் சரியாகவே காட்டும். அந்தச் சொல் உள்ள அடுக்கின் பெயராக ஒருங்குறியில் அதே சொல்லை எழுதி வையுங்கள், நாளை திருத்த வருபவர் வாழ்த்துவார். மணமக்கள் பெயர், நாள், முகவரி ஆகியவற்றை மட்டுமாவது ஒருங்குறியில் வையுங்கள், ஏனெனில் பிழை திருத்த வேண்டிய இடங்கள் அவைதாம். பக்கம் நிறையச் சொற்கள் இருந்தால் கிம்பை விட்டுவிட்டு பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: விண்ணப்பத்துக்கான படம் 50 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டுமாம்.

ஏற்றுமதிச் சாளரத்தில் முன்னோட்டத்தை இயக்கிவிட்டுத் தரத்தைக் குறையுங்கள். கோப்பின் அளவு அங்கேயே தெரியும். முதலில் படத்தின் அளவைச் சுருக்குவது நல்லது. 3.5 க்கு 4.5 சென்டிமீட்டர் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 413 க்கு 531 படப்புள்ளிகள் போதும்.

கேள்வி: சேமி என்று கொடுத்தால் ஜேபெக் வருவதில்லையே?

2012இல் வந்த 2.8 பதிப்பு முதல் 'சேமி' என்பது எக்ஸ்சிஎஃப்புக்கு மட்டுமே, மற்றவை 'ஏற்றுமதி'. எக்ஸ்சிஎஃப்பைச் சேமிக்காமல் ஏற்றுமதி மட்டும் செய்தால் அடுக்குகள் போய்விடும் என்று இன்றும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: பழைய பைத்தான் செருகுநிரல் (பிளகின்) கிம்ப் 3.0இல் வேலை செய்யவில்லை.

பைத்தான் 2இல் எழுதப்பட்டது 3.0இல் இயங்காது. புதிய பதிப்பு இருக்கிறதா என்று அதை எழுதியவரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் கிம்பில் தூரிகை வரைவதில்லை.

முதல் விடையைப் பாருங்கள்.

கேள்வி: கேமராவின் ரா கோப்பு திறக்கவில்லை.

ரா கோப்புகளைக் கையாளும் மென்பொருள்களான டார்க்டேபிள் அல்லது ராதெரபியை நிறுவுங்கள். கிம்ப் அவற்றின் வழியாகத்தான் ரா கோப்பைத் திறக்கும்.

கேள்வி: தூரிகை குறித்துக் கேட்டவன்தான் ஐயா. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ அழுத்திவிட்டேன். படத்தின் இடப்பாதியில் வரைகிறது, வலப்பாதியில் வரைவதில்லை.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! உங்கள் அடுக்கு படத்தைவிடச் சிறியது. வரைய முடிகிற பகுதியைச் சுற்றி மஞ்சள் புள்ளிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். லேயர் பட்டியில் 'லேயர் டு இமேஜ் சைஸ்' கொடுத்தால் அடுக்கு முழுப் படத்துக்கும் விரியும்.